டொக்கு அக்காவும் இருநூற்று இருபத்தைந்து பலகைகளும்

முதல் வருடக் கோப்பையைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். பாத்திரக் கடையில் சொல்லிச் செய்த அலுமினியக் கோப்பை அது. இரண்டு பக்கமும் காது வைத்த பால் சட்டி மாதிரி இருக்கும். ஜெயித்தவர் உற்சாகமாகத் தலைக்கு மேலே தூக்க, மூடி கழன்று அவர் மண்டையிலேயே 'ணங்' என்று விழுந்தது. எங்கள் ஊர் உள்ளரங்க டென்னிஸ் போட்டி அந்தச் சத்தத்தோடுதான் பிறந்தது.

அது ஒரு பெரிய கண்காட்சி அரங்கு. ஒரு மாதம் தோல் பொருட்கள், ஒரு மாதம் மேசை நாற்காலி, ஒரு மாதம் உழவு இயந்திரங்கள் என்று வருடம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டிருக்கும். மழையும் குளிரும் சேர்ந்து வரும் ஒரு மாதத்தில் மட்டும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அரங்கின் மேனேஜருக்கு டென்னிஸ் பைத்தியம். வெளியே ஆட முடியாத மாதத்தில் உள்ளே ஆடினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஊர் ஊராகப் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆடுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள் பதினாறு பேரை வரவழைத்தார். சிமெண்டுத் தரையில் கித்தானை இழுத்துக் கட்டி, வெள்ளைக் கோடு போட்டு, நடுவில் வலையைக் கட்டினார். மூன்று விதமான நாற்காலிகளில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

எனக்கு அங்கே ஸ்கோர் போர்டு வேலை. தகரத்தில் எழுதிய எண்களை ஆணியில் மாட்டுவேன், கழற்றுவேன். பதினைந்து, முப்பது என்று ஒழுங்காகப் போன கணக்கு திடீரென்று நாற்பதில் வந்து நின்றது. "யோவ், மீதி அஞ்சு எங்கய்யா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். நான்தான் அந்த ஐந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது போல எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அந்த முதல் வருடத்திலிருந்தே அவளும் அங்கே இருந்தாள், பெருக்குகிற வேலையில். முப்பத்தைந்து வயது. ஒல்லியான உடம்பு, உரத்த குரல். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஓட்டுத் தொழிற்சாலையில் இருந்தவள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு ஓட்டையும் கையில் எடுத்துச் சின்ன மரச் சுத்தியால் ஒரு தட்டு தட்டுவாள். கணீரென்றால் நல்ல ஓடு. சத்தம் மங்கினால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் பிடிப்பதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ஓடு அவள் கையைத் தாண்டிப் போகும். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் அரங்கில் துடைப்பம் பிடிக்க வந்தாள்.

அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். நக்கல் பிடித்த மனிதர். யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்காரம்மா கோர்ட்ல வேலை பாக்குது" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வார். அதை நம்பி, பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் எல்லைத் தகராறுக்கு யோசனை கேட்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவள் அவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, "எங்க கோர்ட்ல கோட்டு மேல விழுந்தா உள்ளேன்னு தீர்ப்பு. உங்க கோர்ட்ல எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க" என்று அனுப்பி வைத்தாள்.

இரண்டாம் வருடம் கித்தான் சுருங்கி, ஒரு ஆட்டக்காரர் அதில் கால் சிக்கி விழுந்தார். மூன்றாம் வருடம் மேனேஜர் எங்கேயோ அலைந்து ஒரு பழைய மரத்தளத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். மொத்தம் இருநூற்று இருபத்தைந்து பலகைகள். எட்டடி நீளம், நாலடி அகலம். நீளவாக்கில் பதினைந்து, அகலவாக்கில் பதினைந்து அடுக்கினால் ஒரு முழு தளம். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் எண் எழுதியிருக்கும். கீழே மரச் சட்டங்களைப் பரப்பி, அதன் மேல் பலகைகளைக் கோத்துப் பூட்ட வேண்டும். மேல்பக்கம் பச்சை வர்ணமும் வெள்ளைக் கோடுகளும் ஏற்கெனவே பூசியிருக்கும். போட்டி முடிந்ததும் கழற்றி, அரங்குக்குப் பின்னால் உள்ள கிடங்கில் அடுக்கிவிடலாம்.

இந்த வேலைக்கு ஒரு தச்சு மேஸ்திரி வந்தார். தொழில் தெரிந்தவர், அதைவிடக் கோபம் அதிகம் தெரிந்தவர். ரசமட்டத்தைக் கையை விட்டு இறக்கமாட்டார். பலகையின் மேல் வைத்து, கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நின்றால்தான் அடுத்த பலகைக்குப் போவார்.

நாலாம் வருடம்தான் அது நடந்தது.

கால் இறுதி ஆட்டம் முடிந்த பிறகு அவள் தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பழைய பழக்கம். துடைப்பத்தின் மரக்காம்பைத் திருப்பி, போகிற போக்கில் பலகைகளைத் தட்டிக்கொண்டே போனாள். டக், டக், டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டொக்' என்றது. நின்றாள். திரும்பத் தட்டினாள். டொக். நேரே மேஸ்திரியிடம் போனாள்.

"மேஸ்திரி, அந்தக் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்துல ஒரு பலகை உள்ளே காலியா இருக்கு."

"யாரு சொன்னது?"

"பலகைதான் சொல்லுது. வந்து கேளுங்க."

மேஸ்திரி அவளையும் துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பெருக்குற வேலைய ஒழுங்கா பாரும்மா. தச்சு வேலைய நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, குடித்து முடித்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

மறுநாள் அரை இறுதி. இரண்டு பேரும் சரிக்குச் சமமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். முக்கியமான ஒரு கட்டத்தில் எதிராளி அடித்த பந்து கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. இடுப்பு உயரத்துக்கு எழும்ப வேண்டிய பந்து முழங்காலுக்குக் கூட வரவில்லை. ஆட்டக்காரர் காற்றைத்தான் அடித்தார். ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் அதே கதை. அவர் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்தார். "இங்க பந்து செத்துப் போகுது. சரி பண்ணாம நான் ஆட மாட்டேன்" என்று நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

தலைமை நடுவர் தளத்துக்குள் இறங்கி வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய உயரமான அம்மாள். மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி அந்தப் பலகை மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. "மட்டம் சரியா இருக்கு மேடம்" என்றார். நீளமாக வைத்துப் பார்த்தார், குறுக்காக வைத்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் சரியாகத்தான் இருந்தது. கூட்டம் விசில் அடிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் ஓரத்தில் நின்ற அவள் துடைப்பத்தோடு உள்ளே நடந்து வந்தாள். மேனேஜர் கையை ஆட்டித் தடுத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"மட்டம் சரிதாங்க. உள்ளேதான் காலி" என்று சொல்லி, நடுவருக்குக் கேட்கும்படி காம்பால் பக்கத்துப் பலகையைத் தட்டினாள். டக். அடுத்து அந்தப் பலகையை. டொக்.

விசில் நின்றது. நடுவர் குனிந்து, "இன்னொரு தடவை" என்றார். டக். டொக். ஆட்டக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"தூக்குங்க" என்றார் நடுவர்.

பலகையைத் தூக்கினார்கள். கீழே இருந்த சட்டம் நாலு விரல்கடை நகர்ந்து போயிருந்தது. பலகையின் நடு வயிறு அந்தரத்தில் நின்றிருக்கிறது. சட்டத்தைத் தள்ளி வைத்து, இரண்டு பக்கமும் மரத்துண்டை ஆப்பாக அடித்து, பலகையைப் பூட்டினார்கள். இருபதே நிமிடம். பந்து எழும்பியது. ஆட்டம் தொடர்ந்தது. முந்நூறு பேரும் அவளுக்குக் கை தட்டினார்கள். அவளோ தூக்கிய இடத்தில் கிடந்த மரத்தூளைப் பெருக்கி எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் பெயர் 'டொக்கு அக்கா'. செத்த இடத்துக்கும் 'டொக்கு' என்றே பெயர் வந்துவிட்டது. "அக்கா, ஒரு டொக்கு இருக்கு வாங்க" என்பார்கள். தலைமை நடுவர் மேனேஜரிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்: அடுத்த வருடம் இந்த அம்மாள் தட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நான் ஆட்டத்தைத் தொடங்குவேன்.

மேஸ்திரிக்கு அது மென்று முழுங்க முடியாத விஷயம். அடுத்த வருடம் முழுக்க அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஒரு பக்கம் தட்டிக்கொண்டு வருவாள், அவர் வேறு பக்கம் ரசமட்டத்தோடு போவார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் நிற்கும் என்னிடம் சொல்வார்கள். "அவர் கிட்ட சொல்லுங்க, எழுபத்தாறுல ஆப்பு வைக்கணும்னு." "அவங்க கிட்ட சொல்லுங்க, நேத்தே வச்சாச்சுன்னு." இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றடிதான் இருக்கும்.

ஆறாம் வருடம் ஒரு காலையில் அவள் வேலைக்கு வந்தபோது, ஒரு பலகையின் மேல் சாக்பீஸில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'இது டொக்கா?' மேஸ்திரியின் கையெழுத்து. அவள் தட்டிப் பார்த்தாள். கீழே எழுதினாள்: 'இல்லை. பக்கத்துல இருக்கறதுதான்.' மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அத்தோடு என் தூது வேலை முடிந்தது.

அதன் பிறகு போட்டியும் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அலுமினியக் கோப்பை போய் வெள்ளி முலாம் பூசிய கோப்பை வந்தது. கூரையில் குடியிருந்த குருவிகளுக்கு வலை கட்டினார்கள். எட்டாம் வருடம் தரவரிசைப் புள்ளிகள் கிடைத்தன. ஒரே மாதிரி நாற்காலிகள் வந்தன, அதுவும் மூவாயிரம். டொக்கு அக்காவைத் தளப் பொறுப்பாளராக ஆக்கினார்கள். அவளுக்குக் கீழே இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள், மேஸ்திரி உட்பட. "தினம் நூறு பேருக்கு ஆப்பு வைக்கிறதுதான் என் பொண்டாட்டி வேலை" என்று டிரைவர் டெப்போவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பதினோராம் வருடம், போட்டிகளுக்குத் தரம் வைக்கும் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தளம் தேறினால் போட்டியை மேல்வகுப்புக்கு ஏற்றுவோம், பெரிய ஆட்டக்காரர்கள் வருவார்கள். தேறாவிட்டால் அடுத்த வருடம் அந்த வாரத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குப் பரிசோதகர் வருகிறார். திங்கள்கிழமை முதல் ஆட்டம்.

அதற்கு முந்தைய வாரம் அரங்கில் படகுக் கண்காட்சி. படகை மிதக்க விட்டுக் காட்ட ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் தொட்டியின் ஒரு பக்கம் பிளந்துகொண்டது. தண்ணீர் அரங்கைத் தாண்டிக் கிடங்குக்குள் புகுந்தது. கணுக்கால் அளவு தண்ணீர்தான். ஆனால் அங்கேதான் பலகைகள் அடுக்கியிருந்தன.

ஓரத்துப் பலகைகளை முதலில் போட வேண்டும் என்பதால் அவை அடுக்கின் மேலே இருந்தன. பந்து விழுகிற நடுப்பகுதிப் பலகைகள் அத்தனையும் அடியில். ஊறியவை அவைதான். வெள்ளிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தபோது அறுபத்தெட்டு பலகைகள் ஓரம் உப்பி, ஊதிப் போய்க் கிடந்தன.

மேனேஜர் ஒரு பலகையின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

"மெல்லிசா ஒரு பச்சைக் கம்பளம் கிடைக்குது. மேலே ஒட்டிடலாம். பரிசோதகர் கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

"கண்ணுக்குத் தெரியாது சார். பந்துக்குத் தெரியும்" என்றாள் டொக்கு அக்கா.

"வேற என்னதான் பண்ணச் சொல்றே?"

அவள் கிடங்கு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத் தரையில் விரலால் கட்டம் போட்டாள். குறுக்கே பதினைந்து, நெடுக்கே பதினைந்து. மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். அவள் நடுவில் ஒரு வட்டம் வரைந்தாள், மூலைகளில் புள்ளி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி, "ஓ" என்றார்.

"என்ன ஓ?" என்றார் மேனேஜர்.

"பதினோரு வருஷமா இங்க பெருக்கறேன் சார். பந்து எங்க விழும், எங்க விழாதுன்னு எனக்குத் தெரியும். பின்னால தொங்கற திரைக்குப் பக்கத்துல, நாலு மூலையில, நடுவர் நாற்காலிக்குப் பின்னால பந்தே விழாது. அங்க இருக்கற பலகையெல்லாம் காய்ஞ்சு கணீர்னு இருக்கு. அத எடுத்து நடுவுல போடுவோம். ஊறினத இழைச்சு ஓரத்துக்குத் தள்ளுவோம்."

"கோடு? கோடெல்லாம் நடுப் பலகையிலதானே இருக்கு?"

"எல்லாத்தையும் சுரண்டிட்டுப் புதுசா வர்ணம் அடிப்போம். புதுசா கோடு போடுவோம்."

"ரெண்டு நாள்லயா?"

"ரெண்டரை நாள் இருக்கு சார்" என்றாள்.

மேனேஜர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று அவரும் பலகை தூக்கினார்.

இருபத்திரண்டு பேரால் ஆகிற காரியமா அது? மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் ஊறிய பலகைகளின் ஓரத்தை இழைப்புளியால் சீவிக்கொண்டே போனார்கள். சுருள் சுருளாக மரச் சீவல் முழங்கால் வரைக்கும் குவிந்தது. பழைய வர்ணத்தைத் தேய்த்து எடுக்கத்தான் ஆள் போதவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அரங்கின் பெரிய கதவு திறந்தது. டிரைவர், அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட பதினேழு பேர். டெப்போவில் அன்று வாராந்தர விடுப்பில் இருந்த டிரைவர்கள், கண்டக்டர்கள் அத்தனை பேரும்.

பதினோரு வருடத்தில் அவர் அரங்குக்குள் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "ஏம்மா, இவ்வளவு பெரிய இடத்தையா நீ ஒத்தையாளா பெருக்கினே?" என்றார். குரலில் நக்கல் இல்லை.

"பேச்சு அப்புறம். உப்புத்தாள் அங்க இருக்கு. ஆளுக்கு மூணு பலகை" என்றாள் அவள்.

பதினெட்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்து தேய்த்தார்கள். ஒரு கண்டக்டர் பழக்க தோஷத்தில், ஒரு பலகை முடிந்தவுடன் "போலாம், ரைட்!" என்று கத்தினார். அதன் பிறகு ஒவ்வொரு பலகை முடிந்ததும் எல்லோரும் அப்படியே கத்தினார்கள். அரங்கே பஸ் நிலையம் மாதிரி ஆகிவிட்டது.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பலகைகள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. டொக்கு அக்கா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனாள். முப்பத்தோரு இடத்தில் ஆப்பு வைக்கச் சொன்னாள். பிறகு வர்ணம். ஞாயிறு காலை இரண்டாம் பூச்சு முடிந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே காற்றெல்லாம் ஈரம். வர்ணத்தைத் தொட்டால் விரலில் ஒட்டியது. இது காய்ந்தால்தான் கோடு போட முடியும். மணி பத்து.

"நாலு மணிக்குள்ள காயாது" என்று வர்ணக்காரர் கையை விரித்துவிட்டார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "உங்க தங்கச்சிக்கு போன் போடுங்க."

அவள் நாத்தனார் அழகு நிலையம் வைத்திருப்பவள். அடுத்த அரை மணியில் ஒரு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். இரண்டு கையிலும் பைகள். உள்ளே தலைமுடி காய வைக்கிற டிரையர்கள். தன்னுடையது ஆறு, தெரிந்த கடைகளில் வாங்கி வந்தது பதின்மூன்று. "இதுவரைக்கும் இவ்வளவு பெரிய தலைய நான் பாத்ததில்ல அண்ணி" என்றாள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டதும் ஃபியூஸ் போய் அரங்கே இருட்டாகிவிட்டது. மின்பணியாளர் திட்டிக்கொண்டே நாலு திசையிலிருந்து வெவ்வேறு கம்பிகளை இழுத்துக் கொடுத்தார். பத்தொன்பது பேர் வரிசையாகக் குனிந்து, டிரையரை ஆட்டி ஆட்டி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தார்கள். மேனேஜர் கையிலும் ஒன்று, அதுவும் ரோஸ் கலர்.

இரண்டு மணிக்கு வர்ணம் கையில் ஒட்டவில்லை. மூன்றே காலுக்குக் கடைசிக் கோட்டை இழுத்தார்கள். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வலையின் நடுப்பட்டையைக் கட்டிவிட்டு டொக்கு அக்கா ஓரத்துக்கு வந்து நின்றாள். அவள் புருவத்தில் பச்சை வர்ணம் ஒட்டியிருந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பரிசோதகர் ஒரு பழைய ஆட்டக்காரர். ஒரு முழங்காலில் கோளாறு, லேசாக இழுத்து நடப்பார். சிரிக்காத முகம். அடையாளம் போட்ட ஒரு நீளக் கம்பைத் தளத்தில் நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து பந்தைக் கைவிடுவார். எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று உதவியாளர் பார்த்துச் சொல்வார், அவர் குறித்துக்கொள்வார். ஒரு இடம், இரண்டு இடம், பத்து இடம். எல்லாம் ஒரே அளவு. இருபது. முப்பது. கதவோரம் காக்கிச் சட்டைக்காரர்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

முப்பத்தேழாவது இடத்தில் பந்து ஒரு சாண் குறைவாக எழும்பியது. வலைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். நட்ட நடுவில்.

பரிசோதகர் மறுபடியும் போட்டார். மறுபடியும் ஒரு சாண் குறைவு. அவர் பேனாவை எடுத்தார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மேஸ்திரி அவளைப் பார்த்தார், அவள் மேஸ்திரியைப் பார்த்தாள்.

"சார், எழுதாதீங்க" என்றாள் அவள்.

பரிசோதகர் நிமிர்ந்தார். "ஏன்?"

"அந்தப் பந்தை மாத்திப் போட்டுப் பாருங்க."

"இதே பந்தைத்தான் முதல்லேருந்து போட்டுட்டு வர்றேன்."

"அதான் சார். முப்பத்தாறு இடத்துல சரியாத்தான் இருந்துச்சு. போன தடவை விழும்போதே அதோட சத்தம் மாறிடுச்சு. தளம் கணீர்னுதான் இருக்கு. செத்தது பலகை இல்ல சார், பந்து."

அவர் அந்தப் பந்தை விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். இன்னும் அழுத்தினார். தையல் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு பிளவு. பொசுக்கென்று காற்று வெளியே வந்தது. அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. புதுப் பந்தை எடுத்துப் போட்டார். சரியான அளவுக்கு எழும்பியது. மூன்று முறை போட்டார். மூன்று முறையும் அப்படியே.

கடைசி இடமும் முடிந்ததும் கம்பை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, "நான் ஆடின காலத்துல இப்படி ஒரு தளம் எனக்குக் கிடைச்சிருந்தா இந்த முழங்கால் பொழைச்சிருக்கும்" என்றார். "யார் போட்டது?"

மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். ஏழு வருடத்துக்கு முன்னால் பெருக்குகிற வேலையைப் பார்க்கச் சொன்ன அதே மனிதர், ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இவங்க போட்டது சார். நாங்க எல்லாம் இவங்க ஆளுங்க" என்றார்.

பின்னால் நின்ற கண்டக்டருக்குத் தாங்க முடியவில்லை. "போலாம், ரைட்!" என்று கத்தினார். நாற்பது பேர் கத்தினார்கள். பரிசோதகருக்கு என்னவென்று புரியவில்லை. ஆனாலும் கை தட்டினார்.

அந்த வாரம் எங்கள் ஊர் கண்டிராத வாரம். மேல்வகுப்புச் செய்தி புதன்கிழமையே பத்திரிகையில் வந்துவிட்டது. மூவாயிரம் நாற்காலியும் நிரம்பி, படிக்கட்டுகளிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஒரு ஆட்டக்காரர் கூடப் பந்து செத்துப் போகிறது என்று சொல்லவில்லை. இறுதி ஆட்டம் மூன்று மணி நேரம் போனது. என் தகர எண்கள் போதாமல் ஒரு ஆறைத் திருப்பி ஒன்பதாக மாட்டினேன். ஜெயித்த பெண் கோப்பையை வாங்கிக்கொண்டு, ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். கடைசியில், "இந்த மாதிரி தளத்துல நான் ஆடினதே இல்ல. இதைப் போட்டவங்கள நான் பாக்கணும்" என்றாள்.

மூவாயிரம் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு, வர்ணத்தில் கறை பட்டுவிடாமல் காலுறையோடு தளத்துக்குள் வந்தார்கள். மேஸ்திரியின் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. கூட்டம் எழுந்து நின்றது. அந்தக் கை தட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்ததை நான் ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில் என் உயர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முன்வரிசையில் டிரைவர் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கி, "என் பொண்டாட்டிய்யா, என் பொண்டாட்டி!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

ஜெயித்த பெண் ஒலிபெருக்கியை டொக்கு அக்காவிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கி, தொண்டையைக் கனைத்தாள். அரங்கு அடங்கியது.

"எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கழட்ட ஆரம்பிக்கறோம். யாரும் லேட்டா வராதீங்க."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அவளுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே விளங்கவில்லை. அவள் நிஜமாகத்தான் சொன்னாள். மறுநாள் ஏழு மணிக்கு இருபத்திரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

அடுத்த மாதம் கடல் தாண்டி ஒரு ஊரிலிருந்து, தங்கள் உள்ளரங்கத் தளத்தை வந்து பார்க்கச் சொல்லி அவளுக்கு அழைப்பு வந்தது. அவளும் மேஸ்திரியும் போனார்கள். மேஸ்திரி விமானத்தில் கண்ணைத் திறக்கவே இல்லை. இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, முழு வழியும் கீழே தெரிந்த மேகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாளாம்.